சிங்கமும் மூணு நாள் கடலும்

மரக்காணத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சொந்தமாக உப்பளம் வைத்திருப்பவர்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்க, துபாயில் இருக்கும் மகன் போட்டு அனுப்பிய பயணத் திட்டத் தாளைக் கணவர் மடியில் விரித்தார்.

"ஐப்பசில போலாம்னு சொல்லிட்டேன். மழை வந்துட்டா உப்புப் பாத்தில வேலை இருக்காது."

"சிங்கம் கிட்ட வருமா?"

"நமக்குன்னு தனி ஜீப்பு, தனி கைடு. நமக்கு மட்டும் காட்டுவானாம். அது சிங்கத்துக்குத் தெரியணுமே."

அந்தம்மா சிரிக்கவில்லை. அவர் தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"கடைசி மூணு நாளு பீச்சுல ரூம் போட்டிருக்கான் பையன். அதை எடுத்துடச் சொல்லப் போறேன். தினம் கடல் தண்ணியிலதான் பொழைக்கிறோம். அதைப் பாக்க ப்ளேன்ல வேற போவணுமா?"

"சிங்கத்தை வேணா எடுத்துடச் சொல்லுங்க. பீச்சை எடுக்காதீங்க."

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தேன்.

"இன்னாடி சொல்ற?"

"சுனாமில அண்ணன் போனதுலேருந்து நான் கடல்ல கால் வைக்கலீங்க. இங்க என்னால முடியாது. அங்கன்னா வைப்பேன். அது வேற கடல்தானே?"

தாளின் மூலையில் ஒரு மேப் இருந்தது. நம் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஒரே நீலம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேப் உள்பக்கம் போகும்படி தாளை மடித்தார்.

"வேற கடல்தான். அஞ்சு நாளா போடச் சொல்றேன்."