மூலையில் திரும்பும் பாட்டு

அசையாதீங்க. அசைஞ்சா ஊசி முதுகுல ஏறிடும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

சிரிக்கவும் வேணாம்மா, சிரிச்சாலும் துணி இழுக்குது. ரெண்டு கையையும் அந்த மேசையில ஊனிக்கிட்டு, கண்ணாடியைப் பாத்தாப்புல நில்லுங்க. ஆங், அப்படி. மேடைக்குப் போற நேரத்துல ஒரு மூச்சு இழுத்தீங்க, புது ஜிப்பு பிச்சுக்கிச்சு. அதுக்காக உலகமா முடிஞ்சு போச்சு? கவுனை உடம்போட வச்சே தச்சுட்டா, கச்சேரி முடியற வரைக்கும் அசையாது. முடிஞ்சதும் நானே வந்து பிரிச்சு விடறேன். நடிக்கிறவங்க, ஆடறவங்கன்னு எத்தனை பேரை இந்த ரூம்ல நிக்க வச்சுத் தச்சு அனுப்பியிருக்கேன்.

தம்பி, கதவைத் தட்டாதீங்க! இதோ ஆச்சு. வாத்தியக்காரங்களை இன்னொரு தடவை சுருதி பாக்கச் சொல்லுங்க, போங்க.

உங்க மேனேஜருக்கு வேர்த்து ஊத்துது. என்னைக் கூப்பிட எப்படி ஓடி வந்தாரு தெரியுமா, ஒரு கால்ல செருப்பே இல்ல. பாவம், கூட்டம் அவ்வளவு. வராம என்ன பண்ணும்? வாசல்ல அவ்வளவு பெரிய போர்டு வச்சிருக்கீங்களே. மேல உங்க முகம், கீழ அந்தப் புதுப் பாட்டோட பேரு, அதுக்கும் கீழ சொல்லும் மெட்டும் உங்களுதுன்னு போட்டிருக்கு. எனக்குப் படிப்பு கம்மி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால ரொம்ப நேரம் நின்னு படிச்சேன்.

இல்ல, சும்மாதான் சொன்னேன். மூச்சை விடுங்க.

அந்தப் பாட்டுதான இன்னைக்குக் கடைசி? நினைச்சேன். மத்தியானம் ஒத்திகை நடந்தப்ப நான் ஓரமா உக்காந்து கொக்கி தச்சுக்கிட்டிருந்தேன். மொத வரி நீளம். அப்புறம் ஒரு நிறுத்தம். ரெண்டாவது வரி குட்டி. மறுபடி நிறுத்தம். மூணாவது திரும்பவும் நீளம். அதோட சரி, நாலாவது வரியே கிடையாது. அந்த ட்ரம்ஸ் அடிக்கிறவரு கூடக் கேட்டாரே, இப்படி அந்தரத்துல விட்டுட்டுப் போக எப்படித் தோணுச்சுன்னு.

நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?

ஆமா, கடல். டிவியிலயும் அதைத்தான் சொன்னீங்க. தனியாக் கரையில உக்காந்திருந்தீங்க, அலை வந்து வந்து போச்சு, அதுல வந்த மெட்டுன்னு.

கொஞ்சம் குனிங்க. கழுத்துக்கிட்ட வந்துட்டேன். இங்கதான் துணி மெல்லிசு, பாத்துக் குத்தணும்.

அலை எங்கேம்மா மூலையில திரும்பும்?

கேக்கறேன், அவ்வளவுதான். தையக்காரி எனக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? தலையணை உறை தைக்கத் தெரியும். ரெண்டு துணியை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, மொதல்ல ஒரு நீளப் பக்கம் ஓட்டணும். மூலை வந்ததும் நிறுத்தி, ஊசியைத் துணியிலயே இறக்கி வச்சுட்டு, துணியை மட்டும் திருப்பணும். அப்புறம் குட்டிப் பக்கம். மறுபடி மூலை, மறுபடி நிறுத்தம். அப்புறம் இன்னொரு நீளப் பக்கம். நாலாவது பக்கத்தைத் தைக்க மாட்டோம். அது வாய். தலையணை உள்ள போக வேணாமா?

என் மக அப்படித்தான் பாடுவா. லாட்ஜுகளுக்கு உறை தச்சுக் கொடுக்கறதுதான் வீட்டுல எங்க வேலை. மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். மிஷினை மிதிச்சுக்கிட்டே பாடுவா. துணி நின்னா பாட்டும் நிக்கும், துணி திரும்பினா பாட்டும் திரும்பும்.

ஞாபகம் இல்லையா? நல்லா யோசிங்க, அவசரமில்ல, இன்னும் அரை முதுகு இருக்கு. இந்தக் கவுனுக்கு அளவு கொடுக்க வீட்டுக்கு வந்தீங்க. நான் வீடு முழுக்க டேப்பைத் தேடறேன், அது என் கழுத்துலயே தொங்குது. நீங்க ஸ்டூல்ல உக்காந்து அவ பாடறதைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க. இன்னொரு தடவை பாடும்மான்னீங்க. போனை எடுத்து மிஷின் பலகையில கவுத்து வச்சீங்க. எதுக்குக் கவுக்கறாங்கன்னு அப்ப எனக்குத் தோணல. நான் பாத்தது உங்க இடுப்பளவு.

அன்னைக்கு அவளுக்குச் சோறே இறங்கல. அம்மா, அவங்க என்னை இன்னொரு தடவை பாடச் சொன்னாங்கம்மான்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா. அடுத்த தடவை நீங்க வர்றீங்கன்னதும் தலை சீவி, நல்ல துணி உடுத்திக்கிட்டு மிஷின் முன்னாடி உக்காந்துட்டா. நீங்க போன்ல பேசிக்கிட்டே வந்தீங்க, கவுனைப் போட்டுப் பாத்தீங்க, பேசிக்கிட்டே போயிட்டீங்க.

அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டு ரேடியோவுல உங்க குரல்ல அவ பாட்டு. மிஷினை நிறுத்தினா. முழுசாக் கேட்டா. மறுபடி மிதிச்சா. அதுலேர்ந்து பாட வாயைத் திறக்கறதில்ல. வீட்டுல இப்ப மிஷின் சத்தம் மட்டுந்தான். மூலை திரும்பறப்ப அதுவும் நிக்குது பாருங்க, அந்த இடத்தை என்னால தாங்க முடியல.

கத்தாதே. கத்தினா யாரு வருவா? மேனேஜர் வருவான், கிடார்க்காரன் வருவான். வரட்டும், வந்து பாக்கட்டும். முதுகு பாதி திறந்து கிடக்கு.

நீன்னு சொல்லிட்டேனா? சொன்னேன்தான். கையில ஊசி இருந்தா எனக்கு வாய் நீண்டுடும். கோவிச்சுக்காதீங்க. தலையை நிமித்துங்க.

பணமா? அந்தப் பையை மூடுங்கம்மா.

பாட்டை நீங்க அழகாத்தான் பண்ணியிருக்கீங்க. வயலின் சேத்து, கிடார் சேத்து, அதெல்லாம் என் மகளால ஆகாது. அதை நான் இல்லேங்கல. பாடாதீங்கன்னும் சொல்லல. பாடறதுக்கு முன்னாடி இது யாரு பாட்டுன்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

சொன்னா உங்க பேரு கெட்டுடுமா? கெடும். கொஞ்சம் கெடத்தான் செய்யும். கடல்னு சொல்லிட்டீங்களே.

அவளா? வந்திருக்கா. எனக்குக் கொடுத்த பாஸ்ல அவளை உக்கார வச்சிருக்கேன். நாலாவது வரிசை, ஓரத்துச் சீட்டு, நீலச் சட்டை. வரவே மாட்டேன்னா. நீ அங்க போய் எதையும் கேட்டு வைக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் வந்தா. அந்தப் பாட்டை ஆரம்பிச்சதும் கீழ பாருங்க. அவ கால் தானா மிதிக்கும். மிதிக்கறது அவளுக்கே தெரியாது.

இப்ப பேசாதீங்க, முடிச்சுப் போடறேன். ம். கத்திரி வேணாம், பல்லாலயே கடிச்சுடறேன். ஆச்சு. ரெட்டை நூல் போட்டிருக்கேன், தொண்டை கிழியப் பாடினாலும் தையல் கிழியாது. நீங்க சொன்னாலும் கிழியாது, சொல்லாட்டியும் கிழியாது. தையல்ல நான் பழி தீத்துக்க மாட்டேன்.

வர்றாங்க தம்பி, வர்றாங்க!

போங்க. செருப்பு அந்தப் பக்கம் கிடக்கு. என்ன, ஏன் நின்னுட்டீங்க?

பேரா? அவ பேரா?

ரெண்டு தடவை எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க, இப்பத்தான் கேக்கத் தோணுது. இப்படிக் காதைக் கொடுங்க.

எங்க, நீங்க சொல்லுங்க பாப்போம். இன்னொரு தடவை. ஆங்.

அழாதீங்க, கண்ணு மை இறங்குது. அழறதெல்லாம் எனக்குக் கணக்கில்ல, அங்க போய் என்ன சொல்றீங்கன்னு ஓரமா நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்.

அந்த ஜிப்பு விஷயமா? புது ஜிப்பு எப்படிப் போச்சுன்னா கேக்கறீங்க? அது தானாப் போகலம்மா. மத்தியானம் கொக்கி தைக்கறப்பவே, ஜிப்போட நடுவுல ரெண்டு பல்லைக் குறடு வச்சு நான்தான் இளக்கி விட்டேன். மேடைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு முழு மூச்சு இழுப்பீங்கன்னு தெரியும். உங்களைத் தனியாப் பாக்கணும்னு எத்தனையோ தடவை வந்து நின்னேன், நாளைக்கு வா நாளைக்கு வான்னே அனுப்பிச்சாரு உங்க மேனேஜர். இன்னைக்கு அவரே ஓடி வந்து கூப்பிட்டாரு.

போங்கம்மா, ஹால்ல விளக்கை அணைச்சுட்டாங்க.