பிறந்த தேதி சொல்லுங்க சார்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நானும் எடுப்பதில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் என் அழைப்பை எடுக்காதவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

நான் வேதியியல் படித்தவள். ரத்தப் பரிசோதனைக்கூடம் என்றால் இயந்திரங்களோடு இருக்கலாம், யாரோடும் பேச வேண்டியிருக்காது என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, ரத்தத்தில் ஏதாவது ஆபத்தான அளவில் இருந்தால் உடனே போன் செய்து சொல்வதும் என் மேசையின் வேலை என்று. மருத்துவர் அனுப்பிய ரத்தம் என்றால் மருத்துவரிடம் சொல்வோம். வீட்டுக்குப் போய் எடுத்த ரத்தம் என்றால் அந்த வீட்டுக்கே சொல்ல வேண்டும்.

ஆள் மாறிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி உண்டு. முடிவைச் சொல்லும் முன் அவர்கள் வாயாலேயே முழுப் பெயரும் பிறந்த தேதியும் வர வேண்டும். நீங்களே யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு பெண், சின்னக் குரலில், தயங்கித் தயங்கி, "உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்" என்கிறாள்.

"ஏம்மா, காலங்காத்தால வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்பார்கள். "அப்படியே பேங்க் நம்பரும் சொல்லிடட்டுமா?" என்பார்கள். ஓர் அம்மாள், "நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருபவரை நாங்கள் ஊசி அண்ணன் என்போம். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சிரிப்பார். "உன் குரலே திருட்டு முழி முழிக்குதும்மா. கொஞ்சம் அதட்டிப் பேசு."

எனக்கு அதட்ட வராது. கடைசியில் அவரே போனை வாங்கிக்கொள்வார். "சார், காலையில ஊசி குத்தினேனே, நான்தான் பேசறேன்." அவ்வளவுதான், நம்பிவிடுவார்கள்.

அன்று வந்த ரத்தம் ஒரு பெரியவருடையது. மகள் பதிவு செய்திருந்தார். ஆனால் எங்களிடம் இருந்தது பெரியவரின் எண் மட்டும்தான். பொட்டாசியம் ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அவருக்கு ஏழைத் தாண்டியிருந்தது. இயந்திரத்தின் பிழையாக இருக்கும் என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே அளவு. அந்த அளவில் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். ஆள் மட்டும் எழுந்து நடமாடிக்கொண்டு, லேசாக அசதியாக இருக்கிறது என்பார்.

கூப்பிட்டேன். பெரியவர் உடனே எடுத்தார். லேபிலிருந்து பேசுகிறேன் என்றதும், "வாங்க வாங்க, உங்களத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன்" என்றார். "இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். வீட்ல எல்லாரும் கேக்கட்டும்."

பிறந்த தேதி கேட்டேன்.

"முப்பத்திரண்டாம் தேதி, பதிமூணாம் மாசம். எழுதிக்கிட்டியா?"

பின்னால் சிரித்தார்கள். நான் விதியை மீறி, பொட்டாசியம் அதிகம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உயிருக்கு ஆபத்து என்று சொன்னேன்.

"அடடா. உயிரோட இருக்க உனக்கு எவ்வளவு அனுப்பணும்?"

"தாத்தா, வச்சிடாத தாத்தா, இன்னும் பேச வை" என்றது ஒரு குழந்தை.

"விடுங்கப்பா, பாவம்" என்றது ஒரு பெண் குரல்.

அவர் விடவில்லை. "படிச்ச பொண்ணு மாதிரி பேசறியேம்மா. இதுக்குத்தான் உன்னைப் பெத்தவங்க படிக்க வச்சாங்களா?"

ஊசி அண்ணன் டீயை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கையை நீட்டினார். நான் "சரி சார்" என்று சொல்லித் துண்டித்தேன். "சொல்லிட்டேன் அண்ணே" என்றேன். கணினியில் 'தெரிவிக்கப்பட்டது' என்று பதிந்தேன். அது பொய் இல்லை. என் மேசையிலிருந்து பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகும். அன்றைய பேச்சை நீங்களும் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, "பாவம், நீ என்னம்மா பண்ணுவ?" என்றீர்கள். அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் இரண்டு நாளாக விசாரணை என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணை அழவைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். வரவேற்பு மேசைத் தொலைபேசி விடாமல் அடித்தது. எடுத்தது நான். அந்தப் பேச்சு எதிலும் பதிவாவதில்லை.

"ரசீதுல இந்த நம்பர் இருந்துச்சுங்க" என்றார் ஒரு பெண். காலையில் பாவம் என்று சொன்ன அதே குரல். "உங்க லேப்லேர்ந்துன்னு சொல்லி ஒரு பொண்ணு அப்பாவுக்குப் போன் பண்ணுச்சு. அப்பா கிண்டல் பண்ணி அனுப்பிட்டார். எனக்குத்தான் மனசு கேக்கல. அவர் வேற அசதியா இருக்குன்னு படுத்திருக்கார். அது நிஜமாவே நீங்கதானா?"

அவருக்கு என் குரல் அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் முடியாது. அன்று அது எனக்கே புதிதாக இருந்தது. தயக்கம் இல்லாமல், தெளிவாக வந்தது.

"இல்லைங்க மேடம். நாங்க யாருக்கும் அப்படிப் போன் பண்றதில்ல. இப்பல்லாம் இது நிறைய நடக்குது. பிறந்த தேதியெல்லாம் யாருக்கும் சொல்லிடாதீங்க. அப்பா நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்."

"அப்பாடா" என்றார். "இப்பதான் உயிரே வந்துச்சு. ரொம்ப நன்றிங்க."

பெரியவர் அன்று சாயங்காலம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்குக் கேட்காமலே தெரிந்திருந்தது.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். கொஞ்சம் அசதியாக இருந்தேன், அவ்வளவுதான். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டு, நம்பி, நன்றியும் சொன்னவர் அந்த மகள் ஒருவர்தான். அவருக்காவது என்னால் உதவ முடிந்ததே என்று இருக்கிறது.