எந்தப் பாகத்தில் தோன்றியது?

2013 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சுங்குவார்சத்திரத்தில் ஏறிய பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் பேச்சு திருநெல்வேலி. மற்றவள் இந்தப் பக்கத்துப் பெண். மூன்று பாகமாக வந்த ஏதோ ஒரு படத்தைப் பற்றிச் சண்டை.

“வில்லன்தான் ஹீரோவுக்கு அப்பான்னு மொதப் பார்ட்லயே முடிவு பண்ணிட்டாவ, ஏட்டி,” என்றாள் திருநெல்வேலிக்காரி.

“இன்னாடி பேசற? மொதப் படத்துல அவனையே கொல்லப் பாக்கறான். எந்த அப்பன் செய்வான்? ரெண்டாவது பார்ட் எடுக்கும்போதுதான் தோணிகீது.”

“சரி, எங்கண்ணனைக் கட்டிக்கிடணும்னு ஒனக்கு எந்தப் பார்ட்ல தோணிச்சு?”

“சத்தியமா இந்தப் பொங்கலுக்கு அப்புறம்தான்.”

“கத விடாத. அவன் மொத மொத என்னையப் பாக்க ஹாஸ்டலுக்கு வந்தப்பவே, உள்ள ஓடிப்போயி துப்பட்டா மாத்திட்டு வந்தேல்லா? அதுவும் என் துப்பட்டா.”

மற்றவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னிக்கு ஒங்கம்மாகிட்ட பேசறேன்னியே. திட்டம் போட்டு ஒங்கூடப் பழகினேன்னு நெனச்சா, ஒத்துக்கவே மாட்டாங்கடி.”

“ஒத்துக்கிடுவாவ. எங்கம்மாதான் மொதப் பார்ட் பாக்கலையே.”