நான்காம் பீப்பாய்

எனக்குச் சமைக்க வராது ஐயா. பாத்திரம் மட்டும் பளிச்சென்று கழுவுவேன். அக்கா பழக்கிவிட்டது. ஆய்வுக்கூடத்திலும் என் பிழைப்பு கழுவுவதுதான்: பூச்சிமருந்து இருந்த காலிப் பீப்பாய்களை.

ஏழு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பொடி செய்தேன். சிர்க்கோனியம் என்ற உலோகம் சேர்ந்தது. பீப்பாயில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டால் விஷம் உடையும்; உடைந்தால் தண்ணீர் மஞ்சளாகும். பொடி கரையாது, குறையாது. வடிகட்டி எத்தனை பீப்பாய்க்கு வேண்டுமானாலும் போடலாம் என்று எழுதிக்கொடுத்திருந்தேன். உண்மையில் நான்காம் முறை படுத்துவிடும். உடைந்த விஷத்தின் கழிவே உலோகத்தில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

பீப்பாய் தேய்க்கும் வேலைக்கு அக்கா வீட்டுக்காரரை நான்தான் சேர்த்துவிட்டேன். வெள்ளந்தி மனிதர். ரப்பர் உறைக்குள் கை புழுங்குகிறது என்பார். தண்ணீர் மஞ்சளானதும், "கை வைக்கலாமா மாப்ள?" என்று ஒவ்வொரு பீப்பாய்க்கும் கேட்பார். "தாராளமா வைங்க மாமா" என்பேன்.

பொடியை வாங்கும் கம்பெனியிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். நான்காம் பீப்பாயில் தண்ணீர் தெளிவாகவே நின்றது. நான் எதிர்பார்த்ததுதான். முந்தைய மஞ்சள் நீரைச் சுண்டவைத்து ஒரு புட்டியில் வைத்திருந்தேன். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியபோது ஊற்றினேன். நிறம் அழகாகவே வந்தது.

மாமா தண்ணீரைப் பார்த்தார், உறையைக் கழற்றினார், முழங்கை வரை விட்டுத் தேய்த்தார். அத்தனை பேர் முன்னால் வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

அரை மணியில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வாயோரம் எச்சில் வடிந்தது.

"கண்ணு மங்குது மாப்ள. என்னமோ பண்ணுது."

விஷமுறிவு மருந்து என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்தால் எதற்கென்று கேட்பார்கள்.

"வெயில்தான் மாமா. உள்ள போய்ச் சித்த படுங்க."

வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன். கையெழுத்து வாங்கினேன். வாசல்வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்தபோது மாமாவுக்கு மூச்சு இல்லை.

அக்காவிடம் மாரடைப்பு என்றேன். என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

இப்போது குடிக்கத் தண்ணீர் பிடித்தால்கூட, மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பின்னால் மாமா குரல் கேட்கிறது: "கை வைக்கலாமா மாப்ள?" பயமாக இருக்கிறது ஐயா.

எழுதிக்கொள்ளுங்கள். புட்டியை ஊற்றியது நான். மருந்தை எடுக்காததும் நான். ஆனால் அன்றைக்கு மட்டும் அவர் வழக்கம்போல ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.