சுமனுக்குப் போட்ட இன்சூரன்ஸ்

மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸை ஒன்லைனில் புதுப்பிப்பது சுலபமான வேலை. ஆட்கள்தான் வீணாகப் பயப்படுகிறார்கள். வண்டி இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கையில் ஒரு போனும் இருந்தால், போட்ட தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற என் கடையில் ரீலோட், போட்டோக்கொப்பியோடு இதையும் செய்துகொடுக்கிறேன். வவுனிக்குளத்துப் பக்கமிருந்து வயல் செய்கிற கமக்காரர்கள் வருவார்கள். நான் செய்துகொடுத்ததில் இதுவரை ஒரு பிழை வந்ததில்லை, ஐயா. நீங்கள் யாரிடமும் விசாரித்துப் பார்க்கலாம்.

சுமனுடைய இன்சூரன்ஸையும் நான்தான் புதுப்பித்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

சுமன் என் தங்கை கௌசலாவின் கணவன். பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவன். நல்ல பிள்ளை. குடிக்கமாட்டான், ஒருவரோடும் சத்தமாகக் கதைக்கமாட்டான். எனக்கும் அவனுக்கும் இடையில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கோபத்தில் நடந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

கௌசலாவை வளர்த்தது நான். அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மாவும் அப்பாவும் ஒரே ஷெல்லில் போனார்கள். அதற்குப் பிறகு நந்திக்கடல் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தபோது நான் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து அவளுடைய கையை என் கையோடு கட்டினேன். சனத்துக்குள் பிள்ளைகளைத் தவறவிட்டவர்களை நான் பார்த்துக்கொண்டு வந்தேன். முகாமுக்குள் போன பிறகும் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. நோகுது என்று அழுதாள். அழுகிறாள் என்பதற்காக அவிழ்க்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்கு வயது வந்து சம்பந்தங்கள் வரத் தொடங்கியபோது, அவளுக்கு வலிப்பு இருக்கிறது என்று தரகரிடம் சொல்லிவைத்தேன். முழுப் பொய் இல்லை. அவளுடைய தலையில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இன்னும் இருக்கிறது. வலிப்பு வந்ததில்லை. ஆனால் வரலாம்தானே. வந்த இரண்டு மாப்பிள்ளைப் பகுதியும் அப்படியே நின்றுபோனது. சுமன் தரகரோடு வரவில்லை. என் கடை பிரிட்ஜைத் திருத்த வந்தவன். மதியச் சாப்பாடு கொண்டுவந்த கௌசலாவோடு கதைத்திருக்கிறான். வலிப்பைப் பற்றி நான் அவனிடமும் சொன்னேன். "அதுக்கென்ன அண்ணை, நான் பாத்துக்கொள்ளுவன்" என்றான். அதற்கு மேல் நான் மறிக்கவில்லை. கல்யாணம் முடிந்தாலும் என் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். சம்மதித்தார்கள். இரண்டு வருடம் இருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தோம்.

இந்த வருடம் வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், கௌசலா குசினியில் நின்று சொன்னாள்.

"அண்ணா, இவருக்குக் கொழும்புப் பக்கம் வத்தளையில ஒரு கொம்பனியில வேலை கிடைச்சிருக்கு. இருக்க வீடும் குடுப்பினமாம். பொங்கல் முடிய வெளிக்கிடப் போறம்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பிள்ளையும் வரப்போகுது" என்றாள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீங்கள் இடைக்கிட வந்து பாருங்கோவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அவளில் பிழை பிடிக்கவில்லை. தெரியாத இடத்தில், சொந்தமென்று ஒருவரும் இல்லாமல், வயிற்றுப் பிள்ளையோடு போய் இருப்பதென்றால் என்ன என்று அவளுக்கு விளங்காது. அதை விளங்கிக்கொள்வது என்னுடைய பொறுப்பாக இருந்தது. சுமனை அனுப்பிவிட்டு அவளை மட்டும் மறிக்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது. அவன் உயிரோடு எங்கே இருக்கிறானோ அங்கே அவள் போவாள். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தால் கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சும்.

அடுத்த சில நாட்களில் சுமன் கடைக்கு வந்தான்.

"அண்ணை, மாங்குளத்தில பொலிஸ் மறிக்கிறாங்கள். என்ர இன்சூரன்ஸ் முடிஞ்சுபோச்சு. சும்மா காட்டுறதுக்கு ஒண்டு போட்டுத் தாங்கோ."

காட்டுவதற்கு என்றால் சாதாரண இன்சூரன்ஸ் போதும். அதில் அடிபட்ட மற்ற ஆளுக்கு மட்டும்தான் ஏதாவது கிடைக்கும். வண்டி ஓடுகிறவன் செத்தால் வீட்டுக்கு ஒன்றும் வராது. நான் முழு இன்சூரன்ஸைத் தெரிவுசெய்தேன். ஓட்டுநரின் உயிருக்கும் சேர்த்து. யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற இடத்தில் கௌசலாவின் பெயரைப் போட்டேன்.

"அவ்வளவு பெரிசா என்னத்துக்கு அண்ணை?"

"உனக்கு ஒண்டு நடந்தால் கௌசலாவை ஆர் பாக்கிறது?"

"உங்களுக்கு எப்பவும் தங்கச்சியின்ர யோசினைதான்" என்று சிரித்தான்.

கடைசியில் அவனுடைய போனுக்கு ஓர் இலக்கம் வரும். அதை அடித்தால்தான் வேலை முடியும். சுமன் வாசலில் சிக்னல் வருகிற இடத்தில் போய் நின்று, அந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக உரத்து வாசித்தான். நான் அடித்தேன். பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்தது. காசை நானே கட்டினேன். அவனிடம் வாங்க மனம் வரவில்லை.

அப்போதே முடிவெடுத்திருந்தேனா என்று கேட்கிறீர்கள். ஓம் ஐயா. முடிவெடுத்த பிறகுதான் புதுப்பித்தேன். இன்சூரன்ஸ் இல்லாத ஒருவனுக்கு நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண்ணை வெறுங்கையோடு விடுவது பாவம்.

பொங்கல் வரைக்கும் பொறுத்திருந்தேன். வற்றாப்பளைக்கு இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில்தான் போனார்கள். அவள் பின்னால் இருந்து போகிறபோது வண்டியில் கைவைக்க முடியுமா? போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பத்திரமாக வந்தார்கள். எனக்கும் விபூதி கொண்டுவந்து தந்தார்கள்.

அடுத்த கிழமை சுமன் உடையார்கட்டுக்குப் போய்த் தன் தாய் சிவனேஸ்வரி அம்மாவிடம் பயணம் சொல்லிவிட்டு வருவதாக இருந்தது. அவன் தனியாகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு விடியவே எழும்பி பிறேக்கில் செய்ய வேண்டியதைச் செய்தேன். மெதுவாகப் போனால் பிடிக்கும், வேகத்தில் போய் இறுக்கினால் பிடிக்காது. பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. பிறகு பார்த்தால் கௌசலாவும் உடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். அன்றைக்கு நான் பயந்தது அந்த ஒரு நேரம்தான்.

"நீ போகாதை. வயித்துப் பிள்ளையோட மோட்டச் சைக்கிள்ல ஏறக்கூடாது" என்றேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள். சுமன்தான் சமாதானப்படுத்தினான். "அண்ணை சொல்லுறது சரி. நீர் நில்லும். நான் பின்னேரத்துக்குள்ள வந்திடுவன்."

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் மணல் ரிப்பர் லொறிக்குள் போனான். உடனே முடிந்துவிட்டதாம், நோவு தெரிந்திருக்காது என்று டொக்டர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. நொறுங்கிப்போன வண்டியில் எது தளர்ந்தது, எது உடைந்தது என்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. வீதியோரம் வெள்ளரிப்பழம் விற்றுக்கொண்டிருந்த ராஜினி என்ற பெண்ணையும் மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டது. அவருடைய ஒரு காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "பயப்பிடாதேங்கோ அக்கா, மோட்டச் சைக்கிளுக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் எல்லாருக்கும் யோசித்துத்தான் செய்தேன் என்பதற்கு அவரே சாட்சி.

கௌசலா அழவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். சின்னப் பிள்ளையாக இருந்த காலம் திரும்பி வந்ததுபோல இருந்தது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சனமெல்லாம் போன பிறகு, நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அண்ணா, அண்டைக்கு ஏன் என்னை ஏறவிடேல்லை?"

"வயித்துப் பிள்ளையோட எப்பிடி ஏறுறது?"

"வற்றாப்பளைக்குப் போகேக்கையும் பிள்ளை வயித்திலதானே இருந்தது. அப்ப ஒண்டும் சொல்லேல்லையே."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவள் கடைசிக் கதிரையைத் தானே அடுக்கிவிட்டு உள்ளே போனாள். அடுத்தநாள் நான் கடையில் இருக்கும்போது உடுப்புகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி உடையார்கட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுத்தால் வேலைசெய்யவில்லை. இன்சூரன்ஸ் காசுக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். வைக்கமாட்டாளாம். அவளுக்காகப் போட்டது, ஐயா. வீணாகிறது.

முறைப்பாடு கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். அவள் வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவளுடைய கதை இல்லை. சிவனேஸ்வரி அம்மா சொல்லிக்கொடுத்த கதை. மகனைப் பறிகொடுத்த மனிசி, யாரிலாவது பழியைப் போடத்தான் பார்ப்பார். நான் அவரில் கோபப்படவில்லை.

இன்று காலையில் உடையார்கட்டுக்குப் போயிருந்தேன், கௌசலாவைக் கூட்டிக்கொண்டு வர. பொலிஸ் நிலையத்துக்கு வரச்சொல்லி உங்கள் அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. கௌசலா கிளினிக்குக்குப் போய்விட்டாள் என்று சிவனேஸ்வரி அம்மா பொய் சொன்னார். உங்களிடம் வந்து பக்கத்து அறையில் இருக்கிறாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

"அவள் இனி அங்க வரமாட்டாள் தம்பி. பிள்ளை இஞ்சதான் பிறக்கும்" என்றார். பிடிவாதம் இல்லாமல், அன்பாகத்தான் சொன்னார். தேநீர் போட உள்ளே போனார்.

நான் முற்றத்தில் நின்றேன். கிணற்றுக்கு மேலால் ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். அதில் ஏறி நின்றுதான் தண்ணீர் அள்ளுகிறார்கள். "கௌசலாவை நான் ஒரு வேலையும் செய்ய விடுறேல்லை. வெயில் தாழ நானே அள்ளி வைச்சிடுவன்" என்று குசினிக்குள் இருந்து சொன்னார். நல்ல மனிசி. தேநீர் வருவதற்குள் எனக்கு நேரம் இருந்தது.

சுமனைக் கொன்றது நான்தான், ஐயா. இதில் எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். என்னிடமிருந்து ஒரு சின்ன வேண்டுகோள்தான். கௌசலாவை உடனே உடையார்கட்டு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பொழுதுபடும்வரை இங்கேயே வைத்திருங்கள். சிவனேஸ்வரி அம்மா முதலில் தண்ணீர் அள்ளட்டும்.