எனக்கு நல்லாத் தெரியுதே

ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைலின் முதல் பக்கமும் சின்னப் படமாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாமல் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சின்னமாக வரிசை கட்டி நின்றால் பதறத் தேவையில்லை. முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பாதி வியாதி அதிலேயே போய்விடும். போகவில்லையென்றால் ஃபோல்டரின் செட்டிங்கில், படம் வேண்டாம், சின்னம் மட்டும் போதும் என்கிற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்துக் கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும் பழைய சின்னப் படங்களைத் துடைத்துவிட்டுத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பிளக்கைச் செருகாமலே செத்துப்போச்சு என்று கூப்பிடுகிறவர்கள், கீபோர்டில் காபியைக் கொட்டிவிட்டுத் தானாக நனைந்திருக்கிறது என்று சாதிக்கிறவர்கள், எல்லாரையும் முகம் சுளிக்காமல் சமாளிப்பேன். பொறுமைசாலி என்று பெயர். அந்தப் பெயரில் பொய்யில்லை. நான் சொல்லப்போகிற காரியத்துக்கும் பொறுமைதான் நிறையத் தேவைப்பட்டது.

என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. வரைந்து முடித்த பிளான்களை ஒழுங்காக வைத்திருந்து, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. வீடுகளை மனிதர்களைப் போல ஞாபகம் வைத்திருப்பாள். மாடிப்படி வெளியே இருக்குமே அந்த வீடா, சமையலறை கோணலாகப் போகுமே அதுவா என்று கேட்டுக்கொண்டே பிரின்ட் எடுத்து நீட்டிவிடுவாள். முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னால் அவளைப் பற்றிப் பெருமை பேசுவார். நான் பக்கத்தில் இருந்தால் என்னைக் காட்டி, அவங்க வீட்டுக்காரர் என்பார்.

போன வருடம் அவளுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் பிழைத்தது, பேச்சு பிழைத்தது, படிப்பு மட்டும் போய்விட்டது. எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் சொல்லாகச் சேராது. எழுதச் சொன்னால் எழுதுவாள். எழுதியதைக் காட்டினால் யாரோ எழுதியதைப் போலப் பார்ப்பாள். முகங்களும் படங்களும் வடிவங்களும் பழையபடியே இருந்தன. நாளைக்கு அதுவும் போய்விடுமா என்று டாக்டரிடம் கேட்டாள். போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்வதைப் போலவே அவரும் சொன்னார். அவள் அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். நானும்தான்.

அதன் பிறகு அவள் வீட்டில் இருந்த மாதங்களைப் பற்றிச் சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். எனக்கு அவை நல்ல மாதங்கள். காலையில் பேப்பர் படித்துக் காட்டுவேன். மாத்திரை அட்டையில் எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று பிரித்து வைப்பேன். வெளியூரில் இருக்கும் அவளுடைய அக்கா அனுப்பும் செய்திகளையும் நான்தான் படிப்பேன். அக்கா கொஞ்சம் காரமாக எழுதியிருந்தால் உப்பு காரம் குறைத்துப் படிப்பேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கு நான் அவ்வளவு தேவைப்பட்டதே இல்லை. அவள் கெட்டிக்காரி. கெட்டிக்காரியைக் கட்டியவனுக்கு வீட்டில் பெரிதாக வேலை இருக்காது.

அவள் வேலைக்குத் திரும்ப வழி கண்டுபிடித்ததும் நான்தான். இதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைலின் பெயரைப் படித்தால்தானே பிரச்சினை, படத்தைப் பார்த்தே எடுத்துவிடலாமே என்று யோசனை சொன்னேன். அவளுடைய கம்ப்யூட்டரில் படங்களை எவ்வளவு பெரிதாக வைக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக வைத்துக் கொடுத்தேன். ஃபோல்டரைத் திறந்ததும் அவளுடைய வீடுகள் எல்லாம் வரிசையாக நின்றன. அவள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, இது யாருடையது, அது யாருடையது என்று சொன்னாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

படிக்க வராது என்பதை அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி உச்சுக் கொட்டிவிட்டு வேறு ஆள் பார்ப்பார். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லி வைத்தோம். உண்மை எங்கள் இருவருக்குள் இருந்தது.

அவள் பழையபடி ஆனாள். சில நாளில் பழையதைவிட நன்றாகவே ஆனாள். காலையில் பேப்பரை எடுத்தால், நேரமாகிவிட்டது, வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிடுவாள். மாத்திரைகளைக்கூட நிறம் பார்த்து எடுக்கப் பழகிவிட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தபடியே சொன்னாள்.

"இனிமே நீங்க எனக்காகக் கஷ்டப்பட வேண்டாங்க. நான் பாத்துக்குவேன்."

நன்றியாகத்தான் சொன்னாள். எனக்கு அது வேலையை விட்டு நிறுத்தியதைப் போல இருந்தது.

மறுநாள் என் மேசையில் உட்கார்ந்தபடியே அவளுடைய கம்ப்யூட்டருக்குள் போய் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். எனக்கு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வழி உண்டு. ஒரே ஒரு தரம் என்னைக் கூப்பிடட்டும், போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவோம் என்றுதான் நினைத்தேன்.

கூப்பிட்டாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திரை முழுக்க ஒரே மாதிரி வெள்ளைச் சின்னங்கள். அவள் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"ஏங்க, எல்லாம் ஒரே மாதிரி தெரியுது. உங்களுக்கும் அப்படித்தானா?"

வீட்டில் இருந்த மாதங்களில் என்னைப் பார்த்த அதே பார்வை. சொல்வதற்கு என்று நான் கொண்டு வந்திருந்த பதில் வேறு. வாயில் வந்தது இது.

"இல்லையே. எனக்கு நல்லாத் தெரியுதே."

சும்மா சொன்னேன், செட்டிங் மாறியிருக்கிறது என்று அப்போதே சிரித்து மழுப்பியிருக்கலாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் டிக்கை எடுத்துவிட்டேன். காலையில் படங்களைப் பார்த்ததும் என்னைத் தேடி ஓடி வந்தாள். தெரியுதுங்க, எல்லாம் தெரியுது என்றாள். முதல் ஆளாக என்னிடம்தான் வந்தாள். என்னைத் தவிர வேறு யாரிடம் அவளால் வர முடியும்? பாவத்தைக் கழுவிவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டியவன், அவள் மறுபடி எப்போது ஓடி வருவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே திரும்ப டிக் போட்டேன். பிறகு எடுப்பதும் போடுவதுமாக ஓடியது. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

அவள் லேசில் விடுகிறவள் இல்லை. படம் தெரியாத நாட்களில் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தேடினாள். வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். மின்விசிறிக்குக் கீழேயே அவள் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்ததை, மேசைகளுக்கு நடுவே இருந்த தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கால் எழவில்லை. வீட்டில் அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். ஃபைலைத் திறந்தால் பிளான் ஒழுங்காகத் தெரிகிறது, ஃபோல்டரில் மட்டும் தெரியவில்லை, அது எப்படி என்றாள். சின்ன உருவங்கள்தான் முதலில் போகும், பெரியவை போகக் கொஞ்ச நாளாகும் என்றேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். படித்தேன் என்றேன். நான் படித்ததை அவளால் சரிபார்க்க முடியாது.

ஒருநாள் எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. தொலைபேசி எடுக்கும் பெண் ஏதோ கேட்க வந்தவள், என் மனைவியின் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குப் படம் வரலையா? எல்லாம் வெள்ளையா இருக்கே."

தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு உயிரே போய்விட்டது. கூடவே, இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்பாடா என்றும் இருந்தது. மாட்டிக்கொண்டோம், நல்லதாகப் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது என் மனைவியின் குரல் கேட்டது.

"வருதேம்மா. எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது."

அந்தப் பெண் தன்னைச் சோதிக்கிறாள், படிக்க வராது என்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள் என்று அவள் பயந்துபோனாள். அவசரமாக ஃபோல்டரையும் மூடிவிட்டாள். நான் அவளிடம் சொன்ன பொய்யை அவள் அந்தப் பெண்ணிடம் சொல்லி என்னைக் காப்பாற்றினாள். அன்று கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். டிக்கை எடுக்கவில்லை.

மாதக் கடைசியில் கண் சரியில்லை என்று சொல்லி வேலையை விட்டுவிட்டாள். முதலாளி வருத்தப்பட்டார். அவளுடைய மேசையைக் காலி செய்ய நான்தான் உதவினேன்.

இதோடு நின்றுவிடும் என்று நம்பினேன். வீட்டில் இருக்கட்டும், பழையபடி பேப்பர் படிப்போம், மெதுவாகத் தேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் நான் கெடுத்து வைத்திருந்தது கம்ப்யூட்டரை அல்ல. இந்தச் சேலை பச்சைதானே என்று கேட்பாள். பச்சைதான், அவளுக்கும் பச்சையாகத்தான் தெரியும், இருந்தாலும் கேட்பாள். அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்திருக்கிறதா பாருங்கள் என்பாள். எதிரே வருவது பக்கத்து வீட்டுக்காரம்மாதானா என்று என் காதில் கேட்டுவிட்டுத்தான் சிரிப்பாள். தன் கண்ணை நம்புவதை அவள் விட்டுவிட்டாள். நான் நல்லாத் தெரியுதே என்று சொன்னதை மட்டும் நம்பினாள்.

அவளுடைய அக்கா ஃபோனில் அழுதார். "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்க அவ கொடுத்து வச்சிருக்கணும், தம்பி." நான் வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரியும், வாயும் சும்மா இருக்காது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை என்றார். பிறகு படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டார். ஓர் அட்டையில் குடை இருந்தது. அவளுக்கு அது குடையென்று தெரிந்திருக்கும். சொல்லாமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் கையைக் காட்டினார். தெரியல என்றாள். அடுத்த அட்டைக்கும் அப்படியே சொன்னாள். டாக்டர் குறித்துக்கொண்டே போனார்.

ஸ்கேனில் பிடிபடாத அடைப்பு ஏதாவது இருக்கலாம், தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை மூளை வரைக்கும் அனுப்பி மருந்து செலுத்திப் பார்க்க வேண்டும் என்றார். அபூர்வமாகச் சிலருக்கு அதிலேயே பார்வையோ பேச்சோ போய்விடுவதும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று என்னைக் கேட்டார். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஒன்றுமில்லை டாக்டர் என்றேன்.

சம்மதப் படிவத்தைக் கொடுத்தார்கள். அவளால் படிக்க முடியாது என்பதால் நான் படித்துக் காட்டினேன். பயந்துவிடுவாளே என்று சில வரிகளை விட்டுவிட்டேன். எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன்.

இப்போது அவளை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். கதவு மூடியிருக்கிறது. நான் செய்ததுதான் எல்லாம், ஒன்றையும் மறுக்கவில்லை. அவளுக்கு எந்த வியாதியும் புதிதாக வரவில்லை. ஒரு கட்டத்தில் நான் போட்ட டிக்கைத் தேடித்தான் அவள் தலைக்குள் குழாய் விடுகிறார்கள். இந்தக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். தட்டினால் அவளுக்குத் தெரிந்துபோகும். பாதியில் கலவரப்படுத்துவானேன், நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வரட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சற்று முன் ஒரு நர்ஸ் வந்தார். தப்பாக நினைக்க வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான் என்று தொடங்கி, ஒருவேளை பார்வைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.