எதிர்த்து நிக்க ஒரு ஆள்

ஹலோ... ஹலோ, வாத்தியாரே? நான்தான்... ஆமா, மளிகைக்கடை... ஆமாமா, உங்க எம்.எல்.ஏ.தான், கிண்டலை விடுங்க. நாளையோட மனு தாக்கல் முடியுது. உங்க மனு இன்னும் வரலையாமே?

என்ன?... சத்தமாப் பேசுங்க, ஒண்ணும் கேக்கல... லைன் சரியில்ல போல. இருங்க, மாடிக்குப் போறேன்... ம், இப்ப சொல்லுங்க... இப்பவும் குசுகுசுன்னுதான் கேக்குது. சரி, நான் பேசறேன், நீங்க கேளுங்க.

சட்டசபைத் தேர்தல்னா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாலு தடவை நின்னாச்சு. இந்தத் தடவை வேற ஒருத்தனும் மனு போடல. நீங்களும் போடலேன்னா நான் போட்டியே இல்லாம... என்னது, வாழ்த்தா? வாழ்த்தைத் தூக்கி உடைப்புல போடுங்க!

இல்ல... இல்ல வாத்தியாரே, கோபம் இல்ல.

நேத்துப் பழக்கதோஷத்துல ஜீப்பை எடுத்துக்கிட்டு ஓட்டுக் கேக்கக் கிளம்பிட்டேன். உங்க பின்தெருவுல ஒரு அம்மா கதவைக்கூடத் திறக்கல. ஜன்னல் வழியா, "தேர்தலே இல்லையாமே, அப்புறம் எதுக்கு வந்தீங்க?"ன்னு கேக்குது... சிரிக்காதீங்க. அந்தம்மா வீட்டுல எத்தனை தடவை உக்காந்து தண்ணி குடிச்சிருக்கேன்! அப்படியே திரும்பி வந்துட்டேன்.

ஆமா... ஆமா, வீட்டுல நான் மட்டும்தான். என் சம்சாரம் போய்ச் சேந்ததுலேருந்து அப்படித்தான்... சாப்பிடறேன், சாப்பிடறேன். கட்சிக்காரனுங்க வர்றானுங்க, நான் எது சொன்னாலும் "சரிங்கண்ணே"ங்கறானுங்க, போயிடறானுங்க. முன்னெல்லாம் நீங்க மேடையில என்னைக் கிழிச்சா, அவ வீட்டுல, "வாத்தியார் சொன்னதுல என்ன தப்பு?"ன்னு மிச்சத்தையும் கிழிப்பா. அவ ஓட்டு உங்களுக்குத்தான் விழுந்துது, தெரியுமா?... சத்தியமா! ஒரு தடவைகூட எனக்குப் போடல.

இப்ப வீட்டுலயும் என்னை மறுத்துப் பேச ஆள் இல்ல, வெளியிலயும் இல்ல. தாங்கல வாத்தியாரே.

அதனால நாளைக்குக் காலையில வண்டி அனுப்பறேன்... முன்மொழிய ஆள் இல்லையா? என் கடை ஆளுங்க பத்துப் பேரை அனுப்பறேன், அவனுங்க கையெழுத்துப் போடட்டும்! எனக்கு எதிரா நல்லா நாலு கூட்டம் போட்டுப் பேசுங்க...

என்ன? பேச முடியாதா? ஏன்?... எங்க?... தொண்டையிலயா? ஆபரேஷனா?... எப்போ நடந்துது? எனக்கு ஒரு வார்த்தை யாரும்... ம்... ம்...

அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு.

இல்ல, இல்ல, நீங்க பேசாதீங்க. வேணாம். அழல... சளி. வாத்தியாரே, போதும், போனைக் குடுங்க, உங்க பொண்ணுகிட்டக் குடுங்க.

ஆங்... அம்மாடி... ஆமாம்மா, எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இவ்வளவு நேரம் பேச விட்டிருப்பேனா?... இல்லம்மா, மனுவெல்லாம் வேணாம், விடு. வாபஸ் நாள் முடிஞ்சதும் நான் ஜெயிச்சதா அறிவிச்சிடுவாங்க. அவ்வளவுதான். அவர் உடம்பைப் பாத்துக்கோ...

என்ன சொல்றாரு? எழுதிக் காட்டறாரா? படி, படி... "எடைக்கல்லைத் தவிர எதையும் தூக்காதவன்"... ஹா! இது போன தேர்தல்ல பேசினதும்மா! புதுசா ஏதாவது எழுதச் சொல்லு... "தண்ணிக்குழாய் எங்கே?"... பொய்யி! அபாண்டம்! குழாய் போட்டாச்சு, தண்ணிதான் வரல, அதை எழுதச் சொல்லு!... ம்... ம்... ஆஸ்பத்திரிக் கூரையா? அது... அது ஒழுகுதுதான்... அடுத்தது? நிறுத்தாதம்மா, அவர் கையை நிறுத்த விடாத, நான் உக்காந்துக்கிட்டேன், ராத்திரி வரைக்கும் கேப்பேன், அடுத்தது என்ன...

அம்மாடி?... ஹலோ?... வாத்தியாரே?... ச்சே, இப்பத்தான் நிஜமாவே லைன் போயிடுச்சு... ஹலோ...